மணலும் விரலும்: எழுத்துக்கூட்டற் பயிற்சியின் பழைய வரலாறு

சென்ற கோடை விடுமுறையில் என் தம்பி தன் குடும்பத்தோடு அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்திருந்தான். அவன் மகளுக்கு ஏழு வயது. அவள் கொண்டுவந்த பெட்டியில் பொம்மைகளுக்கிடையே ஆங்கிலச் சொற்கள் அச்சிட்ட தாள்கட்டு ஒன்றும் இருந்தது. பள்ளி திறந்தபின் நடக்கவிருந்த எழுத்துக்கூட்டற் போட்டிக்குரிய சொற்பட்டியல் அது. மாலைதோறும் தம்பி ஒரு சொல்லை ஒலித்துக் காட்டுவான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுவாள். வாய் திறக்குமுன் இடது உள்ளங்கையில் வலக்கைச் சுட்டுவிரலால் அச்சொல்லை எழுதிப் பார்த்துக்கொள்வாள். தொலைக்காட்சியில் பெரிய பிள்ளைகள் அவ்வாறு செய்வதைப் பார்த்துக் கற்றதாம்.

திண்ணையில் அமர்ந்து இதனைக் கவனித்துக்கொண்டிருந்த என் தாயார், "நாங்களும் இப்படித்தானே எழுதினோம்! மணலைத்தான் காணோம்" என்றார். ஆங்கிலம் அறியாத என் தாயார் போகிறபோக்கில் சொன்ன சொல் அது. ஆயினும் ஓர் உண்மையான வரலாற்றுத் தொடர்பை அவர் அறியாமலே தொட்டுவிட்டார் என்பது எனக்குப் பின்னர்ப் புலப்பட்டது. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று அன்பர்கள் கேட்டபோது, சங்கப்பாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றே முதலில் எண்ணினேன். அந்தச் சுட்டுவிரல் விடவில்லை.

ஆங்கிலத்தில் இப்போட்டியை 'ஸ்பெல்லிங் பீ' என்பர். 'பீ' என்றதும் தேனீ நினைவுக்கு வருதல் இயல்பே. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையினர் இதன் சாயலில் நடத்தும் போட்டிக்குத் 'தமிழ்த்தேனீ' என்றே பெயரிட்டுள்ளனர். பெயர் இனிமையானது, ஆனால் இச்சொல்லுக்கும் பூச்சிக்கும் தொடர்பில்லை என்பதே சொற்பிறப்பு ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அயலார் ஒன்றுகூடி ஒரு வீட்டாரின் வேலையை முடித்துக் கொடுக்கும் கூட்டுழைப்புக்குப் பழைய அமெரிக்கச் சிற்றூர்களில் 'பீ' என்று பெயர். சோளக்கதிர் உரிக்கக் கூடுவார்கள். ஒட்டுத்துணி தைக்கக் கூடுவார்கள். அவ்வாறே எழுத்துக்கூட்டவும் கூடினார்கள். போட்டி என்பதைவிடக் கூட்டம் என்பதே அச்சொல்லின் அடிப்பொருள்.

ஊரார் கூடிப் பொழுதுபோக்கும் அளவுக்கு எழுத்துக்கூட்டல் அங்கே பெரிதானதற்குக் காரணம் ஒரு சிறுநூல். நோவா வெப்ஸ்டர் என்னும் பள்ளியாசிரியர் 1783-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் வெளியிட்ட எழுத்துக்கூட்டற் சுவடி அது. நீலநிற அட்டையால் 'நீல முதுகுச் சுவடி' என்று பெயர் பெற்றுத் தலைமுறை தலைமுறையாகக் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. எழுத்துகளை முதலிலும், 'பா, பி, பு' என்றாற்போன்ற அசைகளை அடுத்தும் வைத்து, ஓரசைச் சொல், ஈரசைச் சொல், மூவசைச் சொல் எனப் படிப்படியாக அச்சுவடி வளர்கிறது. நம் அரிச்சுவடியின் உயிர்மெய் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அந்த அசை அட்டவணை அயலாகத் தோன்றாது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் 'க்' என்பதும் 'ஆ' என்பதும் கூடினால் 'கா' என்பது மாறாத விதி. ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, அதன் ஒலி வேறு; ஓர் எழுத்துக்கே இடத்துக்கிடம் ஒலி வேறு. எனவே அங்கே சிறுபிள்ளை ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நினைவில் நிறுத்தவேண்டியதாயிற்று. அதற்கு அக்காலத்தார் கண்ட வழி, வாய்விட்டுக் கூட்டிக் கூட்டிச் சொல்லுதல். 'எஸ்-ஈ-பி செப், டி-ஈ-எம் டெம், செப்டெம், பி-ஈ-ஆர் பர், செப்டம்பர்' என்பது அம்முறை. நம்மூர்ப் பள்ளிகளில் 'சி-ஏ-டி கேட், கேட் என்றால் பூனை' என்று கூவிப் படித்தவர்களுக்கு இந்த இராகம் செவியில் ஒலிக்கும்.

இம்முறையில் பெருங்குறை ஒன்று இருந்தது. ஒரு பிள்ளை கூட்டிச் சொல்லும்போது மற்றப் பிள்ளைகள் சும்மா இருப்பர். வகுப்பில் முப்பது பேர் இருந்தால், ஒவ்வொருவருக்கும் முறை வருவதற்குள் பொழுது போய்விடும். நூலும் தாளும் மையும் விலை மிகுந்தவை. ஏழைப் பிள்ளைகளுக்கு எட்டாதவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து நகரங்களில் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் பெருகினர். இத்தனை பேருக்கும் யார் எழுத்தறிவிப்பது, எந்தச் செலவில் என்ற வினா எழுந்தது. அதற்கான விடைகளுள் ஒன்று சென்னையிலிருந்து சென்றது.

ஆண்ட்ரூ பெல் 1753-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தவர், பாதிரியார். 1787-இல் சென்னைக்கு வந்தார். கும்பினிப் படையிலிருந்த ஐரோப்பியரின் ஆதரவற்ற ஆண்மக்களுக்காக 1789-இல் எழும்பூரில் ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பு பெல்லிடம் வந்தது. அங்கிருந்த துணையாசிரியர்களின் திறம் அவருக்கு மனநிறைவளிக்கவில்லை. எழுத்து வகுப்பில் பிள்ளைகள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தனர்.

ஒருநாள் காலை குதிரைமீது உலாச் சென்றவர், 'மலபார்ப் பள்ளி' ஒன்றைக் கடந்து சென்றார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் 'மலபார்' என்ற பெயரால் வழங்கினர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். அப்பள்ளியில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து, முன்னே பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தனர். பெல் 'கண்டுகொண்டேன்' என்று கூவியவாறு வீடு திரும்பினாராம். இது அவர் தரப்பிலிருந்தே வரும் செய்தி. உடனே எழுத்து வகுப்பின் துணையாசிரியரிடம் மணலைப் பரப்பிக் கற்பிக்கச் சொன்னார். அவரோ உடன்படவில்லை. கறுப்பர் தெருப்பள்ளியின் வழக்கத்தைத் தாம் மேற்கொள்வதா என்று எண்ணினாரோ, புதுவேலை எதற்கு என்று எண்ணினாரோ, நாம் ஊகிக்கத்தான் முடியும். அதன்பின் பெல் ஏறத்தாழ எட்டு வயதான ஜான் ஃபிரிஸ்கன் என்னும் மாணவனை அழைத்து அவ்வேலையை ஒப்படைத்தார். பெரியவர் முடியாது என்றதைச் சிறுவன் முடித்துக் காட்டினான். மணலில் எழுதும் முறையோடு, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையும் அவ்வில்லத்தில் நிலைபெற்றது.

1796-இல் ஊர் திரும்பிய பெல், மறு ஆண்டு இலண்டனில் இச்சோதனை பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயர் பரவிற்று. கூட்டிச் சொன்ன அசைகளையே திரும்பத் திரும்பக் கூட்டும் 'செப், செப்டெம், செப்டம்பர்' வழக்கத்தையும் பெல் தம் முறையிலிருந்து விலக்கினார். ஒவ்வோர் அசையையும் ஒருமுறை எழுத்துக்கூட்டிச் சொன்னால் போதும் என்பது அவர் கொள்கை. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்ந்து தோன்றிய தேசியக் கல்விக் கழகம் இம்முறையைத் தன் பள்ளிகளில் மேற்கொண்டது.

அதே காலத்தில் இலண்டனின் சதர்க் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர், இதனை எழுத்துக்கூட்டலுக்கென்றே செப்பம் செய்தார். முதல் வகுப்புக்கு மணற்பலகை. சட்டாம்பிள்ளை ஓர் எழுத்தைக் காட்ட, வரிசையாக அமர்ந்த பிள்ளைகள் மணலில் எழுதுவர். பின்னர் இஸ்திரிப்பெட்டி போன்ற ஒரு கருவியால் மணலை நிரவிவிட்டு அடுத்த எழுத்து. மேல் வகுப்புகளுக்குக் கற்பலகை. சட்டாம்பிள்ளை ஒரு சொல்லை உரக்கச் சொல்லுவான். அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுதுவர். ஒருவன் கூட்டிச்சொல்ல மற்றவர் வாளாவிருந்த நிலை இவ்வாறு மாறியது. ஒரே ஒரு சுவடியைப் பெரிய எழுத்தில் தாள்தாளாக அச்சிட்டுச் சுவரில் தொங்கவிட்டால் நூற்றுக்கணக்கானோர் படிக்கலாம் என்பதும் அவர் கண்ட சிக்கனம். 1806-இல் நியூயார்க் நகரின் இலவசப் பள்ளிக் கழகம் தொடங்கிய முதற்பள்ளி லங்காஸ்டர் முறையிலேயே அமைந்தது. நீலச் சுவடியின் நாட்டுக்கு மணற்பலகையும் போய்ச் சேர்ந்தது.

இனி அந்த மணலுக்குரியவர்களின் பக்கம் திரும்புவோம்.

திண்ணைப் பள்ளியில் எழுதுதலும் ஒலித்தலும் ஒரே செயல். விரல் 'அ' என்று வரையும்போதே வாய் 'அ' என்று சொல்லும். இப்பழக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 1623-இல் கன்னட நாட்டு இக்கேரியில் பியத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி, ஒரு கோயில் முகப்பில் சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமலே மணலில் எண்களை எழுதி, இசையோடு சொல்லிக் கணக்குப் பயின்றதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். பெல்லுக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட சான்று இது.

மணலில் கை பழகியபின்னரே ஓலையும் எழுத்தாணியும். இங்கேதான் தமிழ் எழுத்துக்கூட்டலின் ஒரு தனிச் சிக்கல் எழுகிறது. இதனைப் போதிய அளவு நாம் கருதிப் பார்த்ததில்லை. ஓலையில் புள்ளி வைப்பதில்லை. வைத்தால் ஓலை கிழியும். ஆகவே மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் ஒன்றுபோலிருக்கும். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இன்றுள்ள வடிவில் தெளிவுபட்டது வீரமாமுனிவருக்குப் பின்னரே. கால் என்னும் குறியும் ரகரமும் ஒரே வடிவில் வந்தன. எனவே 'கெடு' என்பதையும் 'கேடு' என்பதையும், 'கொடு' என்பதையும் 'கோடு' என்பதையும் ஓலையில் கண்ணால் பிரித்தறிதல் அரிது. 'காடு' என்றாலும் 'கரடு' என்றாலும் எழுத்து ஒன்றே. சொல்லை முன்பே அறிந்தவனுக்குத்தான் அங்கே வாசிப்பு கைகூடும்.

இதனை எண்ணிப் பார்த்தால், நம் முன்னோர் பிள்ளைகளுக்குச் சொற்களை ஏன் செவிவழியே அவ்வளவு ஊட்டினர் என்பது விளங்கும். ஆத்திசூடியை நெடுங்கணக்கு வரிசையில் வாய்ப்பாடமாக்கியதும், சற்று வளர்ந்தபின் நிகண்டை மனனம் செய்வித்ததும் பொருளற்ற கிளிப்பாடம் என்று இகழப்பட்டன. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, பலபொருள் ஒருசொற்களை எதுகை முறையில் அடுக்கித் தருகிறது. இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் சொற்கள் ஓரிடத்தில் நின்றால், ஒன்றைச் சொல்ல மற்றொன்று தானே நாவுக்கு வரும். லகரமா ளகரமா, ரகரமா றகரமா என்ற மயக்கத்துக்கு எதுகையே மருந்து. என் முதலாமாண்டு மாணவியர் 'வாழை'க்கும் 'வாளை'க்கும் வேறுபாடின்றி எழுதும்போது, அந்தப் பதினோராம் நிகண்டை நான் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்வதுண்டு.

உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் கூறும் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் உவப்பானது. மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் பூ, பறவை, விலங்கு போன்றவற்றின் பெயருள் ஒன்றைத் தனித்தனியே சொல்லியனுப்புவார். மறுநாள் அதனை மறவாமல் வந்து சொல்லவேண்டும். ஒரு பிள்ளைக்கு ஓரிரவுக்கு ஒரே சொல்! அதனை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருப்பார்கள், தாயிடம் சொல்லியிருப்பார்கள், உறங்குமுன் ஒருமுறை முணுமுணுத்திருப்பார்கள். என் மருமகளின் தாள்கட்டில் ஒரு நாளைக்கு இருபத்தைந்து சொற்கள்.

இத்தகைய பள்ளிகளின் எண்ணிக்கையைக் கணக்கெடுக்க 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. காம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கை இவற்றுள் சுவை மிகுந்தது. தெலுங்கும் கன்னடமும் வழங்கும் நாட்டைப் பற்றியதாயினும் நம் திண்ணைப் பள்ளியின் முகமே அதில் தெரிகிறது. காலையில் முதலில் வருபவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் ஒரு சுழி, புகழுமில்லை, பழியுமில்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருவோர்க்கு ஒவ்வொன்று கூடும். சிறுபிள்ளைகளைச் சட்டாம்பிள்ளைகள் கற்பிக்கும் முறையும், செலவின்றி எழுத்தறிவிக்கும் சிக்கனமும் பாராட்டத்தக்கவை, இங்கிலாந்து இவற்றைப் பின்பற்றியது தகுமே என்று காம்பெல் எழுதுகிறார். பிள்ளைகள் ஒப்பிக்கும் செய்யுள்களின் பொருள் அவர்களுக்கே தெரியவில்லை என்றும் குறை கூறுகிறார், அதுவும் பொய்யன்று.

காம்பெலுக்கு முன்னரே, 1814 ஜூன் 3-இல், கும்பினியின் இயக்குநர்கள் இலண்டனிலிருந்து வங்காள அரசுக்கு விடுத்த மடலில் இக்கடன் ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்திய ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட முறை, பெல்லின் வழியாக இங்கிலாந்தில் மேற்கொள்ளப்பட்டதே அதற்குக் கிடைத்த பெருஞ்சிறப்பு என்பது அம்மடலின் கருத்து. தரம்பால் 1983-இல் இவ்வாவணங்களைத் தொகுத்து நூலாக்கியபோதுதான் நம்மவர் பலரும் இவற்றை அறிந்தனர். அதற்குள் திண்ணைப் பள்ளிகள் மறைந்திருந்தன. ஆங்கிலப் பள்ளியின் கற்பலகையும் சொல்வதெழுதலும் மேலைநாட்டார் நமக்குத் தந்த கொடை என்ற எண்ணம் நிலைத்திருந்தது.

இவ்விடத்தில் ஆராய்ச்சியாளர் நிதானம் இழத்தல் ஆகாது. பெல் தாம் கண்ட மணலைப் பற்றித்தான் வெளிப்படையாகக் கூறினார். மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் முறை எழும்பூர் இல்லத்தில் தாமே கண்டது என்றே சொல்லிவந்தார். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்ததை அவர் பார்த்தாரா, பார்த்தும் சொல்லவில்லையா என்பதை முடிவு செய்யச் சான்றில்லை. லங்காஸ்டரின் சொல்வதெழுதல் அவர் சொந்த முயற்சி. ஆதலின் உலகத்து எழுத்துக்கூட்டலெல்லாம் நம் திண்ணையில் பிறந்தது என மேடையில் முழங்குவோருடன் நான் உடன்படேன். மணல் நம்முடையது, அதை மறைக்கவும் வேண்டா, மிகுக்கவும் வேண்டா.

மற்றொன்றும் உண்டு. மேலே கூறிய 1,88,650 மாணாக்கருள் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாதார் எனப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. என் பாட்டி, வீட்டுத் திண்ணையில் அண்ணன்மார் மணலில் எழுதியதைக் கதவிடுக்கு வழியே பார்த்து, அடுப்படிச் சாம்பலில் எழுதிப் பழகியவர். கையெழுத்து மட்டும் போட வரும். அவர் எழுதும் 'ழ' தலைகீழாக இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றதால் அப்படி என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். திண்ணைப் பள்ளியின் பெருமையைப் பேசும் கட்டுரைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 'ழ' கண்முன் நிற்கும்.

அமெரிக்கப் போட்டியின் பிற்கால வரலாறு பலரும் அறிந்ததே. கிளீவ்லாந்து நகரில் 1908-இல் நடந்த நாடளாவிய போட்டியில் மேரி போல்டன் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுமி பிழையே இல்லாமல் வென்றாள். பின்னர் அவ்வெற்றி நெடுங்காலம் மறக்கப்பட்டது. இன்று வாஷிங்டனில் பேர்பெற்று விளங்கும் போட்டி 1925-இல் ஒன்பது சிறார்களோடு தொடங்கியது. முதல் வெற்றியாளர் ஃபிராங்க் நியூஹவுசர். அவர் கூட்டிய சொல் 'கிளாடியோலஸ்' என்னும் பூவின் பெயர். சாமிநாதையரின் உபாத்தியாயர் மகிழ்ந்திருப்பார். 1985-இல் பாலு நடராஜன் வென்றார். இந்திய வழியினருள் அவரே முதல்வர். 2008 முதல் 2019 வரை இந்திய வழிப் பிள்ளைகள் வெல்லாத ஆண்டே இல்லை. 2021-இல் கறுப்பினத்தைச் சேர்ந்த ஜைலா அவான்ட்-கார்டு வென்றபோது அவர் கூட்டிய சொல் 'முரையா'. நம் கறிவேப்பிலை நெடுங்காலம் வகைப்படுத்தப்பட்டிருந்த தாவரப் பேரினத்தின் பெயர் அது. கறிவேப்பிலையின் அறிவியற்பெயரில் வரும் 'கோனிகி' என்ற பகுதியோ, 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக் என்பாரை நினைவூட்டுவது. எத்தனையோ இலட்சம் பேர் தொலைக்காட்சியில் கண்ட அவ்வேளையில், நம் கொல்லையிலிருந்து ஓர் இலை அந்த மேடைக்கு வந்துபோனதைக் கவனித்தவர் சிலரே.

பெல் 1832-இல் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பொருளால் எழுந்த பள்ளிக்கு 'மதராஸ் கல்லூரி' என்பது இன்றும் பெயர். எட்டு வயது ஃபிரிஸ்கனின் பெயரும் நூலில் இருக்கிறது. அன்று காலை மணல் பரப்பிக் கற்பித்த தமிழாசிரியரின் பெயரைப் பெல் கேட்டதாகத் தெரியவில்லை.

ஊருக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் என் மருமகளின் பட்டியலில் 'கேட்டமரான்' என்னும் சொல் வந்தது. அது நம் கட்டுமரம்தான் என்றேன். அவள் நம்பவில்லை. என் தாயார் முறத்தில் அரிசியைப் பரப்பி, அவள் விரலைப் பிடித்துக் 'கட்டுமரம்' என்று எழுதுவித்தார். எழுத்துதோறும் இருவரும் சேர்ந்து சொன்னார்கள். எழுதி முடித்தபின் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அத்தை, இதில் 'ட்' இருக்கிறது, அப்புறம் 'டு' இருக்கிறது. இங்கிலீஷில் ஒரு 'டி'தானே? இன்னொன்றை யார் எடுத்தார்கள்?" என்று கேட்டாள். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. "கடலில் விழுந்திருக்கும்" என்றார் என் தாயார், அரிசியை நிரவிக்கொண்டே.